பன்னிரண்டு மைக்ரான் நம்பிக்கை

சூரிய ஃபில்டர் வாங்குகிறவர் ஒரே பொருளுக்குள் இரண்டு சரக்கு வாங்குகிறார். ஒன்று, தொலைநோக்கியில் தெரியும் படத்தின் தெளிவு. மற்றது, கண்ணுக்கான பாதுகாப்பு. தெளிவை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பாதுகாப்பு அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் புற ஊதாவையும் அந்தத் தாள் எவ்வளவு தடுக்கிறது என்று கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அளக்க முடியாது. விழித்திரைக்கு வலி தெரியாது. அது வெந்துகொண்டிருக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராது. சில மணி நேரம் கழித்து, படிக்கிற எழுத்தின் நடுவில் ஒரு மங்கல் வந்து நிற்கும்போதுதான் விஷயம் புரியும். அதனால் என் வழி இதுதான்: தெளிவைச் சோதித்து வாங்குகிறேன், பாதுகாப்பைத் தயாரித்தவர் யார் என்று பார்த்து வாங்குகிறேன். படம் பளிச்சென்று இருக்கிறது, ஆகவே ஃபில்டர் நல்லது என்று யாராவது சொன்னால் அந்த ஃபில்டரை முதலில் கழற்றி வைக்கச் சொல்வேன்.

ஃபில்டர் பற்றிய கேள்விகள் கிரகணம் வரும்போதுதான் குவியும். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளைய கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் என்று தமிழர் ஊர்களாகத் தொட்டுக்கொண்டு வந்து, நம் ஜொகூரின் தஞ்சோங் பியாய் வழியாகச் சிங்கப்பூருக்குப் போனது. கோலாலம்பூரில் வளையம் இல்லை. ஒன்றேகால் மணி வாக்கில் சூரியனின் பெரும்பகுதி மறைந்து, வெயிலின் உக்கிரம் மட்டும் குறைந்தது. அதற்கு முந்திய வாரங்களில் என்னிடம் வந்த கேள்விகளை அப்படியே எழுதி வைத்திருந்தால் ஒரு நகைச்சுவைத் தொகுப்பு ஆகியிருக்கும். எக்ஸ்ரே படம் போதுமா? இரண்டு குளிர்கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால்? பழைய சிடி? உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொட்டலத்தின் உள்பக்கம்? எங்கள் பாட்டி தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவார்கள், அது நிற்கிறதா விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் மஞ்சள் நீரில் சூரியனின் பிம்பத்தைப் பார்ப்பதுண்டு, அது பாதுகாப்பானதல்ல. ஆனால் அந்த உலக்கை யார் கண்ணையும் கெடுத்ததில்லை.

வெறுங்கண்ணால் பார்க்கும் கிரகணக் கண்ணாடிக்கு ஓர் உலகத் தரம் உண்டு: ஐ.எஸ்.ஓ. 12312-2. அது அனுமதிக்கும் ஒளி அதிகபட்சம் 0.0032 விழுக்காடு. இந்த எண்ணை இன்று யாரும் அச்சடிக்கலாம் என்பதுதான் சிக்கல். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் போனபோது இது பெரிய அளவில் வெளிவந்தது. போலிக் கண்ணாடிகள், உண்மையான தயாரிப்பாளர்களின் பெயரையும் தர எண்ணையும் போட்டுக்கொண்டே விற்கப்பட்டன. கிரகணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அமேசான் வாங்கியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்க வானியல் சங்கம் தன் ஆலோசனையையே மாற்றிக்கொண்டது: அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது போதாது, யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள் என்று சொல்லி, நம்பகமான தயாரிப்பாளர்கள், விற்பவர்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஷாப்பியையோ லசாடாவையோ திறக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

தொலைநோக்கிக்கு வருவோம். முதலில் ஒரு விஷயம், இதில் விவாதமே இல்லை: ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயில் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்க்கக் கூடாது. முன்வில்லை குவிக்கும் வெப்பத்தில் அந்தத் தாள் நொடியில் ஓட்டையாகும். பழைய மலிவு தொலைநோக்கிகளோடு 'சன்' என்று எழுதிய ஒரு சிறு கறுப்புக் கண்ணாடி வரும், ஐபீஸில் திருகுவதற்கு. குவிந்த வெப்பம் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வீடு காலி செய்கிறவர்கள் கொடுக்கும் பழைய பெட்டிகளில் இது இன்னும் கிடக்கிறது. யாருக்கும் தானமாகவும் கொடுக்காதீர்கள், சுத்தியலால் உடைத்துப் போடுங்கள்.

முன்வாய்க்கான ஃபில்டரில் பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது மெல்லிய படலம். ஜெர்மனியின் பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் தாள் இதில் அளவுகோல் மாதிரி. தடிமன் 0.012 மில்லிமீட்டர், அதாவது பன்னிரண்டு மைக்ரான். இரு பக்கமும் உலோகப் பூச்சு. ஏ4 அளவில் ஒரு தாள் இருநூறு வெள்ளிக்குள் வரும். சிறிய தொலைநோக்கிக்கு ஒரு மூடி செய்து, மிச்சத்தில் பைனாகுலருக்கும் செய்துகொள்ளலாம். அதில் சூரியன் வெள்ளையாக, சற்றே நீலச் சாயலோடு தெரியும். அமெரிக்காவின் தவுசண்ட் ஓக்ஸ் விற்கும் கறுப்புப் பாலிமர் தாளில் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுதான் பிடிக்கிறது, 'இதுதான் சார் சூரியன்' என்கிறார்கள். சூரியப் புள்ளிகளைச் சுற்றியிருக்கும் வெளிறிய திட்டுகளைப் பார்க்க எனக்கு வெள்ளைதான் பிடிக்கும். நிறம் ரசனையைப் பொறுத்தது, தரத்துக்கு அடையாளமல்ல.

இந்தத் தாளில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது, அது போலி கூட அல்ல. ஒரே நிறுவனம் ஒரே தோற்றத்தில் இரண்டு தரம் விற்கிறது. பெட்டியில் ஒளியடர்த்தி எண் 5.0 என்று இருந்தால் கண்ணால் பார்க்க. ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காக்கும். 3.8 என்று இருந்தால் படமெடுக்க மட்டும். ஏறக்குறைய ஆறாயிரத்து முந்நூறில் ஒரு பங்கு. கணக்கில் பார்த்தால் இரண்டாவது, முதலாவதைவிடப் பதினாறு மடங்கு ஒளியை விடுகிறது. இணையச் சந்தையில் அட்டையைப் பிரித்து, வெட்டி, துண்டு துண்டாக விற்பவர்கள் இருக்கிறார்கள். துண்டில் எண் இருக்காது. 'ஒரிஜினல்தான் பாஸ், நூறு விழுக்காடு' என்று பதில் வரும். ஒரிஜினலாகவே இருக்கட்டும், எந்த ஒரிஜினல்? வெட்டிய துண்டை நான் வாங்குவதே இல்லை. முழு உறை, அதன்மேல் தர எண், உள்ளே தயாரிப்பாளரின் குறிப்புத் தாள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

பெயரே பொறி வைக்கும் வேறு சில பொருள்களும் உண்டு. 'சோலார் கண்டினியூம்' என்று ஒரு பச்சை ஃபில்டர் விற்கிறார்கள். 540 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டும் விட்டு, புள்ளிகளின் விளிம்பைக் கூர்மையாக்கும். அருமையான சாமான், ஆனால் முன்வாயில் பாதுகாப்பு ஃபில்டர் இருக்கும்போது கூடுதலாகப் போடுவதற்கு. தனியாகப் போட்டால் கண் போகும். அதேபோல 'எச்-ஆல்ஃபா ஃபில்டர், 7 நானோமீட்டர்' என்று நெபுலா படமெடுப்பவர்களுக்கான ஃபில்டர் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும். சூரியனின் நிறமண்டலத்தைக் காட்டும் எச்-ஆல்ஃபா ஃபில்டர் விடும் ஒளிக்கீற்றின் அகலம் 0.07 நானோமீட்டர். நூறு மடங்கு வித்தியாசம். கிள்ளான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை ஒரு முறை அழைத்தார். "அண்ணே, ஆயிரக்கணக்குல சொன்னீங்க, இங்கே முந்நூறு வெள்ளிக்கு இருக்கே, பள்ளிப் பணத்துல வாங்கிடட்டுமா?" என்றார். எண்ணைப் படிக்கச் சொன்னேன். ஏழு என்றார். "டீச்சர், அது ராத்திரிச் சாமான், சூரியன் பக்கம் திருப்பவே கூடாது" என்றேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. பட்டியலில் 'சூரியன்' என்ற சொல்லே இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் விபத்து இது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன. அவை ஒரு ஃபில்டரைத் தள்ளுபடி செய்யும். ஒருபோதும் தேர்ச்சி கொடுக்காது. தாளைக் கண்முன் பிடித்து வீட்டு விளக்கைப் பாருங்கள். வரவேற்பறை விளக்கு, ஜன்னல், எதிர் அடுக்குமாடி ஏதாவது தெரிந்தால் அது குப்பைக்கு. மிகப் பிரகாசமான விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. எதுவுமே தெரியாததால் மட்டும் தாள் நல்லதாகிவிடாது, ஏனென்றால் இந்தச் சோதனை அகச்சிவப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்து, கைத்தொலைபேசியின் விளக்கைத் தாளின் பின்னால் வைத்து இருட்டறையில் ஊசித்துளைகளைத் தேடுவேன். ஒன்றிரண்டு நுண்ணிய துளைகள் இருந்தால் தொலைநோக்கியின் முன்வாயில் அவை பெரும்பாலும் படத்தின் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கறுப்பு மார்க்கரால் புள்ளி வைத்தும் அடைக்கிறார்கள். ஆனால் கீறலோ மடிப்புக் கோட்டில் பூச்சு உதிர்வோ தெரிந்தால் தாளை மாற்றிவிடுகிறேன். பிள்ளைகள் பார்க்கப் போகும் தொலைநோக்கி என்றால் துளை ஒன்றே ஆனாலும் மாற்றுவேன். ஒரு தாளின் விலைக்குக் குடும்பத்தோடு மாமாக் கடையில் இரண்டு முறை சாப்பிடலாம், அதற்கு மேல் இல்லை. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது; அந்த நடைபாதைகளின் தடவல் கற்களை மிதித்துத் திரிந்த எனக்கு இந்தச் செலவில் கஞ்சத்தனம் வந்ததில்லை.

தாள் சுருங்கியிருக்கிறதே என்று பலர் கவலைப்பட்டு இழுத்துப் பிடித்து ஒட்டுகிறார்கள். இழுக்கக் கூடாது. தளர்வாக, அலையலையாக இருந்தாலும் படம் கெடாது. விறைப்பாக இழுத்தால்தான் பூச்சும் பொருளும் திரிபடைந்து படம் கெடும்.

தாளைவிட அதிகம் யோசிக்க வேண்டியது அது உட்காரும் மூடியைப் பற்றி. பாதுகாப்பு பற்றிப் பேசும் எல்லாரும் ஒளியடர்த்தி எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். என் கவலை, ஒரு காற்றுக்கு அது கழன்று விழுமா என்பது. நாம் இருப்பது வடக்கு அட்சம் 3 பாகையில். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், குழாய் வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும், மூடி தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். ஆபத்து காலையில். நமக்குத் தெளிவான வானம் கிடைப்பதே பெரும்பாலும் காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில். அப்போது குழாய் தாழ்ந்து கிடக்கும், மூடி முன்பக்கம் வழுக்கி விழத் தோதாக. அதனால் வெறும் உராய்வில் நிற்கும் மூடியை நான் ஏற்பதில்லை. மூன்று பக்கம் திருகாணி இருக்க வேண்டும், அல்லது வெல்க்ரோ பட்டை இருக்க வேண்டும், எதுவும் இல்லையென்றால் மின்காப்பு நாடாவைச் சுற்றுவேன். வாங்குமுன் குழாயின் வெளிவிட்டத்தைப் பனிக்காப்பு வளையத்தோடு சேர்த்து மில்லிமீட்டரில் அளந்து விற்பவரிடம் சொல்லுங்கள். '80 மில்லிமீட்டர் தொலைநோக்கி' என்று மட்டும் சொன்னால் முன்வில்லையின் அளவுக்குத் தயாரித்து அனுப்பிவிடுவார்கள். குழாய் நூறுக்கு மேல் இருக்கும்.

மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் கம்பளத் துணியையும் பசையையும் பாருங்கள். ஐரோப்பியக் குளிருக்குச் செய்த பசை, மதியம் வெயிலில் நிறுத்திய காரில் இளகும். வருடத்துக்கு ஒரு முறையாவது விரலால் அழுத்திப் பார்க்க வேண்டிய இடம் இது. தேடுதொலைநோக்கி என்ற அந்தச் சின்னக் குழாயைக் கழற்றிவிடுங்கள், அல்லது அதற்கும் ஒரு மூடி போடுங்கள். பெரிய குழாய்க்கு ஜெர்மன் தாள் போட்டுவிட்டு, சின்னக் குழாயைத் திறந்து வைத்து, வரிசையில் நிற்கும் பையன் அதில் கண் வைப்பதைப் பார்த்தவர்கள் என் பதற்றத்தைப் புரிந்துகொள்வார்கள்.

இனித் தெளிவு. கண்ணாடி ஃபில்டர்கள் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், அலுமினிய வளையம், பெட்டி எல்லாம் இருக்கும். உழைக்கும். ஆனால் கண்ணாடியின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று துல்லியமாக இணையாகவும் சமமாகவும் தேய்க்கப்படாவிட்டால் படம் மங்கும், சில நேரம் நிழற்சூரியன் ஒன்று பக்கத்தில் தெரியும். மலிவான கண்ணாடியைவிட மலிவான படலம் தெளிவானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சோதிக்க நான் பார்ப்பவை: குவியம் ஓர் இடத்தில் 'சட்டென்று' நிற்கிறதா, அல்லது எங்கே திருகினாலும் ஒரே மாதிரி சோம்பலாக இருக்கிறதா? புள்ளியின் கருமையான நடுவைச் சுற்றியுள்ள சாம்பல் பட்டையில் இழைகள் பிரிகின்றனவா? சூரிய விளிம்புக்கு வெளியே வானம் கறுப்பாக இருக்கிறதா? கடைசிக் கேள்வியை இங்கே எல்லா நாளும் கேட்க முடியாது. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் எந்த ஃபில்டரிலும் வானம் பால்போல் வெளுத்திருக்கும். அந்த நாட்களில் சோதித்துவிட்டு விற்பவரைத் திட்டுவது நியாயமில்லை.

அதேபோல எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்தில் பத்து மணிக்கு மேல் சோதிப்பதிலும் நியாயமில்லை. சிமெண்டுத் தளம் சூடேறியதும் காற்று நெளிய ஆரம்பிக்கும், சூரியனின் விளிம்பு கொதிக்கும். பக்கத்துத் திடலின் புல்தரைக்கு இறங்கிவிட்டால் அரை மணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும். பகல் காற்று இப்படி இருப்பதால் பெரிய தொலைநோக்கிக்குப் பெரிய ஃபில்டர் வாங்குவது பெரும்பாலும் பணவிரயம். 80 முதல் 100 மில்லிமீட்டர் போதும். எட்டங்குலக் கருவி வைத்திருப்பவர்கள் முன்வாயை அட்டையால் மறைத்து, ஒரு பக்கம் மட்டும் வட்டத்துளை விட்டு, அதில் சிறு தாள் ஒட்டிக்கொள்ளலாம். 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வரும் கொடைக்கானல் வானாய்வகத்திலேயே அந்த வெள்ளொளிப் படங்களுக்கு 15 சென்டிமீட்டர் வில்லை போதுமானதாக இருந்திருக்கிறது. மலையுச்சியில் அவர்களுக்கு அது போதுமென்றால், நெடுஞ்சாலைக்கும் கமுட்டர் தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கும் நமக்கு எதற்கு அதற்கு மேல்?

படலத்துக்கு அடுத்த படி ஹெர்ஷல் ஆப்பு. ஜான் ஹெர்ஷல் பெயரில் வழங்கும் கண்ணாடிப் பட்டகம். வரும் ஒளியில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் கண்ணின் பக்கம் திருப்பும், மிச்சம் பின்பக்கம் வெப்பமாக வெளியேறும். அதற்குப் பிறகும் ஓர் அடர் ஃபில்டர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வில்லைத் தொலைநோக்கிக்கு மட்டும்தான். ஆடித் தொலைநோக்கியில் வைத்தால் உள்ளே இருக்கும் சிறு ஆடி வெந்துவிடும். படம் படலத்தைவிட ஒரு படி மேல், சந்தேகமில்லை. ஆனால் முன்வாய் திறந்திருக்கிறது, குழாய்க்குள் முழுச் சூரியனும் ஓடுகிறது. பிள்ளைகள் சூழ்ந்த இடத்துக்கு நான் அதை எடுத்துப் போவதில்லை.

எச்-ஆல்ஃபா கருவிக்கு வந்தால் ஆட்டம் மாறுகிறது. ஹைட்ரஜன் உமிழும் 656.28 நானோமீட்டர் சிவப்பை மட்டும் பிரித்தெடுத்து, சூரிய விளிம்பில் எழும் தீநாக்குகளைக் காட்டும். விலை சில ஆயிரம் வெள்ளியில் தொடங்கி மோட்டார் விலை, கார் விலை என்று போகும். உள்ளே இருக்கும் எட்டலான் என்ற கண்ணாடி இணையைச் சாய்த்தோ, காற்றழுத்தத்தை மாற்றியோ, சூடாக்கியோ சரியான அலைநீளத்துக்குக் கொண்டுவர வேண்டும், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல. ஒவ்வொரு துண்டும் கையால் தேர்ந்து பொருத்தப்படுவதால், ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிக் கருவியில்கூட ஒன்று அருமையாகவும் மற்றது சுமாராகவும் அமையும். ஆகவே 'எந்த பிராண்ட் நல்லது?' என்று கேட்பதைவிட 'இந்தத் துண்டு நல்லதா?' என்று கேட்க வேண்டும். வட்டு முழுவதும் ஒரே சீராகத் தெரிகிறதா, நடுவில் மட்டும் ஒரு பட்டையில்தான் விவரம் தெரிகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

இதில் நம்பகம் என்பது நிறுவனத்தின் ஆயுளையும் சேர்த்தது. அமெரிக்காவில் டேவிட் லண்ட் தொடங்கிய கொரோனாடோ என்ற எச்-ஆல்ஃபா கருவி நிறுவனத்தை 2004-இல் மீட் நிறுவனம் வாங்கியது. அமெச்சூர்கள் கையில் எச்-ஆல்ஃபா பரவியதற்கு அவர்களுடைய சின்ன 40 மில்லிமீட்டர் கருவி பெரிய காரணம். லண்ட் குடும்பத்தார் பிறகு தங்கள் பெயரிலேயே தனி நிறுவனம் தொடங்கினார்கள். 2024-இல் மீட், ஓரியன் இரண்டையும் வைத்திருந்த கம்பெனி கதவை மூடியது. கருவி அன்றைக்கே கெட்டுவிடவில்லை. ஆனால் உத்தரவாதச் சீட்டு வெறும் காகிதமாயிற்று, உதிரிபாகம் யாரிடம் கேட்பது என்ற கேள்வி வந்தது. இன்று பழைய கருவி வாங்குகிறவர், உள்ளே இருக்கும் ஃபில்டரை மாற்ற வேறு யாராவது பாகம் செய்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

ஏனென்றால் நம் ஊர் ஈரக்காற்று. எச்-ஆல்ஃபா கருவிகளில் ஐபீஸ் பக்கம் இருக்கும் தடுப்பு ஃபில்டர்த் தொகுதியில் ஒரு பூச்சுக் கண்ணாடி உண்டு. ஈரம் பட்டால் வருடங்களில் துருப்போலப் புள்ளி பூத்து, கடைசியில் முழுதும் மங்கிவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் இருபது ஆண்டு தாங்குவது இங்கே பாதிகூடத் தாங்காமல் போகலாம். பழைய கருவியைக் கையில் எடுத்ததும் சூரியனைப் பார்க்கும் அவசரம் வேண்டாம். ஐபீஸைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் நல்லது. பால்வெள்ளைத் திட்டோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் மாற்றுப் பாகத்தின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள், அல்லது எழுந்து வாருங்கள். வாங்கிய பிறகு வைக்க வேண்டிய இடம் ட்ரை கேபினட். அது இல்லாதவர்கள் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போதெல்லாம் உலர்த்திப் போட வேண்டும். கேமரா வில்லையில் பூஞ்சை பிடித்துப் பார்த்த எந்த மலேசியருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

தூரத்தில் இருப்பவரிடம் பழைய கருவி வாங்கும்போது நான் கேட்கும் ஒரு கேள்வி பலன் தந்திருக்கிறது: "இன்றைக்குக் காலையில் இதில் தெரிந்த சூரியனை உங்கள் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்ப முடியுமா?" படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. 2010 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் சூரியனை விடாமல் படமெடுத்து வெளியிடுகிறது. காங் என்ற தரை வானாய்வகப் பின்னல் எச்-ஆல்ஃபாவிலேயே படம் தருகிறது. அதன் ஆறு நிலையங்களில் ஒன்று இந்தியாவின் உதய்ப்பூரில், இன்னொன்று நம் நேர மண்டலத்திலேயே இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மந்தில். விற்பவர் அனுப்பிய படத்தில் இருக்கும் புள்ளிகளையும் தீநாக்குகளையும் அன்றைய காங் படத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் கருவி வேலை செய்கிறது, எவ்வளவு விவரம் காட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும். படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ வரலாம், அதைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை எனக்கு வந்த படம் மிக அழகு. அதில் இருந்த பெரும் புள்ளிக்கூட்டம் 2024 மே மாதத்துக் காந்தப் புயலை ஏவிய கூட்டம். நான் கேட்டதோ வேறொரு வருடம். நன்றி சொல்லி விலகிக்கொண்டேன்.

எங்கே வாங்குவது என்பதற்கும் என்னிடம் ஒரு சாய்வு உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தொலைநோக்கி விற்கும் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, விலையும் கொஞ்சம் கூடுதல்தான். இருந்தாலும் ஃபில்டர் மட்டும் முகம் தெரிந்த கடையில் வாங்கத்தான் எனக்கு மனம் வருகிறது. வெளிநாட்டுப் பார்சலில் கிடைக்கும் விலை வித்தியாசத்தில், 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்குட்பட்ட இறக்குமதிச் சரக்குக்கு வந்த 10 விழுக்காட்டு விற்பனை வரி ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது, அஞ்சல் செலவு இன்னொரு பங்கை. இணையச் சந்தை பணம் திருப்பித் தரும் அவகாசம் சில நாட்கள்தான். நமக்கோ அந்த நாட்கள் முழுக்க மேகமாகவே இருக்கலாம். கடைக்காரரிடம் பேசும்போது நான் கவனிப்பது அவருடைய அறிவை அல்ல. தெரியாததைக் கேட்டால் "தெரியாது சார், டீலரிடம் கேட்டுச் சொல்றேன்" என்கிறாரா, உடனே எதையாவது அடித்துவிடுகிறாரா என்பதைத்தான். முதல் வகைக் கடைக்காரரிடம் நான் பேரம் பேசுவதில்லை.

கிரகணத்துக்காக மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. 2031 மே 21 பிற்பகலில் நமக்கு அடுத்த வளைய கிரகணம் மதுரை, யாழ்ப்பாணம் பக்கமாக வந்து மலேசியத் தீபகற்பத்தின் மேல் போகிறது. அந்த மாதம் எல்லாக் கடையிலும் தாள் இருக்கும், எல்லாமே ஐ.எஸ்.ஓ. என்றும் சொல்லும். யாருக்கும் அவசரமில்லாத ஒரு சாதாரண வருடத்தில் வாங்கி, நாலைந்து காலை புள்ளிகளைப் பார்த்துப் பழகி, காகித உறையில் போட்டு, தேதி எழுதி, உலர்ந்த பெட்டியில் வைத்துவிடுங்கள். கிரகணத்துக்கு முந்திய இரவு மறுபடியும் இருட்டறை, கைத்தொலைபேசி விளக்கு, ஊசித்துளை.